கட்டக்கோரையில் ஒட்டியிருக்கும் நச்சு நுண்பாசி: கல்லூரி மைக்ராஸ்கோப்பில் எதுவரை தெரியும்?

கேள்வி: உவரிப் பக்கம் பார் (கடலடிப் பாறை) ஓரத்தில் கட்டக்கோரை (சர்காசம் கடல்பாசி) எடுத்து, அதில் சிகுவாடெரா மீன் நஞ்சுக்குக் காரணமான நுண்பாசி இருக்கிறதா என்று பார்க்க நினைக்கிறோம். சாதாரண மைக்ராஸ்கோப்தான் இருக்கிறது. முடியுமா? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) வரை முடியும். அது எந்த இனம், நஞ்சு சுரக்கிறதா என்பதை மைக்ராஸ்கோப் சொல்லாது. இதை மறந்துவிட்டு அறிக்கை எழுதுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு.

2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் கடலைப் பச்சையாக்கிய பூங்கோரை என்ற நுண்ணுயிர் வேறு. அது நீரில் மிதப்பது; ஆக்சிஜனைக் குறைத்து மீனையும் பவளத்தையும் கொன்றது. நீங்கள் தேடுபவை கடல்பாசியிலும் செத்த பவளத்திலும் ஒட்டி வாழ்பவை. அவை பெருகினாலும் தண்ணீரின் நிறம் மாற வேண்டியதில்லை. அதனால் வலை இழுத்துப் பயனில்லை.

கடல் கொந்தளித்து அடங்கிய மறுநாள் போகாதீர்கள், செல்கள் கழன்று போயிருக்கும். பாசியைத் தண்ணீருக்கு மேலே தூக்காமல், அடியிலேயே ஜிப் பைக்குள் மெல்ல நுழைத்து, சுற்றியுள்ள நீரோடு மூடுங்கள். 100 முதல் 200 கிராம் போதும். நிழலில் வைத்துக் கொண்டுவந்து, ஒரு நிமிடம் பலமாகக் குலுக்கி, அந்த நீரை 200 மைக்ரான் சல்லடையில் வடித்து, பிறகு 20 மைக்ரான் சல்லடையில் விடுங்கள். அதில் தங்கியதை வடிகட்டிய கடல்நீரால் கழுவி 50 மில்லிக்குக் கொண்டுவாருங்கள். குழாய்த் தண்ணீர் பட்டால் செல்கள் வெடித்துவிடும். பாசியை ஈரம் ஒற்றி எடை போட மறக்காதீர்கள். எடை இல்லாத எண்ணிக்கையை எதோடும் ஒப்பிட முடியாது. ஒரு மில்லியில் 12 செல் என்றால், 50 மில்லியில் 600. பாசி 150 கிராம் என்றால் கிராமுக்கு 4.

பாசிக்குப் பாசி இலைப்பரப்பு மாறுவதால் கட்டக்கோரையையும் மரிக்கொழுந்துப் பாசியையும் ஒப்பிடுவது சரிவராது. அதற்கு ஜன்னலுக்கு அடிக்கும் ஃபைபர் கொசுவலையைச் சம அளவில் வெட்டி, கடல் தரைக்குச் சற்று மேலே 24 மணி நேரம் கட்டிவிட்டு, பாசியைப் போலவே பையில் எடுத்துக் குலுக்குங்கள்.

முதலில் உயிருள்ள மாதிரியைப் பாருங்கள். இதைத் தவறவிட்டால் பாதி அடையாளம் போய்விடும். கண்ணில் படக்கூடிய நுண்பாசிகள் இவை. ஆம்ஃபிடினியத்துக்குச் செல்லை மூடும் ஓட்டுத் தகடு இல்லை. பதப்படுத்தும் மருந்து பட்டதும் உருக்குலைந்துவிடும். ஆஸ்ட்ரியாப்சிஸ் பிசின் இழையில் கட்டுண்டு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். ஒரு முனை கூர்ந்திருக்கும். காம்பியர்டிஸ்கஸ் மெதுவாக நகரும். மேலிருந்து பார்த்தால் வட்டம், பக்கவாட்டில் தட்டை, பெரும்பாலும் 60 முதல் 100 மைக்ரான். செல்லின் உச்சியில் உள்ள துளைத் தகட்டில் தூண்டில்முள் போல வளைந்த கோடு இருக்கும். சிகுவாடெராவுக்கு முக்கியக் காரணம் இதுதான். கூலியா அதைவிடச் சிறியது, 25 முதல் 40 மைக்ரான், உருண்டை. சின்ன ஆஸ்ட்ரியாப்சிஸையும் கூலியாவையும் மாற்றி எழுதுவது சகஜம். செல்லை உருட்டிப் பக்கவாட்டிலும் பார்த்த பிறகே பெயர் எழுதுங்கள். புரோரோசென்ட்ரம் லைமா இரண்டு மூடி சேர்ந்த முட்டை வடிவம். நடுவில் பளிச்சென்று ஒரு வளையம். இது சுரப்பது வேறு நஞ்சு, ஒகடாயிக் அமிலம். சிப்பி வழியாக வயிற்றுப்போக்கு தரும்.

எண்ணுவதற்கு லுகால் (அயோடின்) கரைசல் சில துளி போதும், வெளிறிய தேநீர் நிறம் வந்தால் நிறுத்துங்கள். அதிகமானால் செல் கறுத்துத் தகட்டுக் கோடுகள் மறைந்துவிடும். அப்போது ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கரைசல் சேர்த்தால் நிறம் இறங்கும். தகடுகளைத் தெளிவாகப் பார்க்க ஃபார்மலினில் வைத்த மாதிரிக்குக் கால்கோஃப்ளூர் என்ற ஒளிரும் சாயம் ஏற்றி, புற ஊதா விளக்குள்ள மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அது இல்லாமல் காம்பியர்டிஸ்கஸுக்கு இனப் பெயர் போட வேண்டாம். இருந்தாலும் நெருங்கிய இனங்களைப் பிரிக்க டி.என்.ஏ.தான் வழி. ஒரே பேரினத்துக்குள் ஓர் இனம் கடும் நஞ்சு சுரக்கும். இன்னொன்றில் நஞ்சு மிகக் குறைவு.

செல் கிடைத்ததாலேயே அந்தக் கடற்கரையின் களவாவும் சீலாவும் நஞ்சு என்று சொல்லிவிடாதீர்கள். நஞ்சு, பாசி மேயும் சின்ன மீனில் சேர்ந்து, அதைத் தின்னும் பெரிய மீனில் பெருகினால்தான் ஆபத்து. அது மீனின் சதையைச் சோதித்தால்தான் தெரியும். சமைத்தாலும் உறைய வைத்தாலும் அந்த நஞ்சு போகாது என்பதும் உண்மை. அரைகுறைச் செய்தி பரவினால் ஏலத்தில் மீன் விலை விழும், கடலுக்குப் போய்வந்தவர் வயிற்றில்தான் அடி விழும். அறிக்கையில் 'காம்பியர்டிஸ்கஸ் பேரினம், கிராமுக்கு இத்தனை செல்' என்று மட்டும் எழுதுங்கள்.

பவளத்தை உடைக்காதீர்கள், வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21க்கும் வனத்துறை அனுமதி வேண்டும். டி.என்.ஏ. ஆய்வுக்கு அனுப்பும் பங்கை ஃபார்மலின் படாமல் தனியாக எத்தனாலில் வைத்து, இடம், ஆழம், தேதி, பாசியின் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.