300 சதுர அடி வீட்டில் சீர்க் கட்டிலை எங்கே போடுவது?

கேள்வி: திருமணமாகி நான்கு மாதம் ஆகிறது. சென்னை வேளச்சேரியில் 300 சதுர அடி ஸ்டூடியோ ஃப்ளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். சமையல் மேடையும் அதே அறைக்குள்தான். சீராக வந்த கட்டில், ஸ்டீல் பீரோ, சோபா, டிரெஸ்ஸிங் டேபிள் எல்லாம் போட்ட பிறகு நடக்கவே இடமில்லை. கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். வீடு அழகாகவும் இருக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: அலங்காரப் பொருள் எதையும் இப்போது வாங்காதீர்கள். முதலில் தரையை மீட்க வேண்டும். குளியலறையும் சமையல் மேடையும் போக 11க்கு 15 அடி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். 6க்கு 6½ அடி கட்டில் மட்டுமே 39 சதுர அடி; அறையில் கிட்டத்தட்ட கால் பங்கு. பீரோ தரையில் பிடிப்பது சுமார் 4½ சதுர அடிதான். ஆனால் கதவைத் திறந்து நின்று துணி எடுக்க முன்னால் இரண்டரை அடியாவது காலியாக வேண்டும். இந்த இடத்தைப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சோபாவும் டிரெஸ்ஸிங் டேபிளும் போகட்டும். பெற்றோர் ஆசையாகக் கொடுத்ததை வெளியே அனுப்ப மனம் வராது, தெரியும். விற்க வேண்டாம். அம்மா வீட்டில் வைத்துவிட்டு, பெரிய வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதானே.

கட்டிலை மூலையில் சுவரோடு ஒட்டிப் போட்டு, சுவர்ப் பக்கம் இரண்டு பெரிய திண்டுகளைச் சாய்த்து வையுங்கள். பகலில் அதுதான் சோபா. விருந்தாளி வந்தால் பாய் இருக்கிறது. பாட்டி காலத்து ஓரறை வீட்டில் காலையில் பாயைச் சுருட்டியதும் படுக்கையறை கூடமாகிவிடும். இலை போட்டால் அதுவே சாப்பாட்டு அறை. சின்ன வீட்டுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு பத்தமடைப் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் பார்க்கவும் அழகு.

அடுத்தது பீரோ. ஆணி அடிக்க முடியாத உங்களுக்கு இது பெரிய வரம், ஏனென்றால் ஸ்டீலில் காந்தம் ஒட்டும். பக்கவாட்டில் காந்தக் கொக்கிகள் மாட்டினால் பை, சாவி, குடை எல்லாம் தொங்கவிடலாம். தரை சமமாக இருந்தால், பீரோவின் ஒரு பக்கம் சுவரைத் தொடும்படி குறுக்காக நிறுத்தி, சமையல் மேடைக்கும் கட்டிலுக்கும் நடுவே தடுப்பாக்குங்கள். வெறுமையாகத் தெரியும் முதுகில் சென்னிமலைக் கைத்தறி விரிப்பு ஒன்றைக் காந்தங்களால் பிடித்து மாட்டலாம். உயரம் ஆறரை அடிதான் என்பதால் மேலே காற்று தாராளமாகப் போகும். கனமான பொருட்களைக் கீழ்த்தட்டில் வையுங்கள். லேசாக ஆடினாலும் இந்த யோசனையை விட்டுவிட்டு, பழையபடி முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். அது வெளிச்சுவராக இருந்தால் இரண்டு அங்குலம் இடைவெளி வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் ஈரம் இறங்கி உள்ளே துணி பூஞ்சை பிடிக்கும். கட்டிலுக்கு அடியிலும் அப்படித்தான். பெட்டிகளை நெருக்கி அடைக்காதீர்கள். பட்டுப் புடவை அங்கே கூடவே கூடாது.

கணவருக்கு மடக்கு மேசை போதும். ஜன்னல் அவருக்குப் பக்கவாட்டில் வரும்படி போட்டால் திரையில் வெளிச்சம் அடிக்காது. வேலை முடிந்ததும் கட்டாயம் மடிக்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பார்க்க நன்றாக இல்லை என்று சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் ஒளித்து வைக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம்தான் தேங்கும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், கீழே காற்றோட்டம் இருக்க வேண்டும். இரவில் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள், நீங்கள் தூங்குவதும் அதே அறையில்தான்.

இவ்வளவும் முடிந்து ஒரு மாதம் புழங்கிய பிறகு அலங்காரத்துக்கு வாருங்கள். வெளிர் நிறத்தில் பருத்தித் திரை, கட்டில் பக்கம் மஞ்சள் ஒளி தரும் சின்ன விளக்கு, ஜன்னலுக்கு எதிரே சாய்த்து வைத்த உயரமான கண்ணாடி. கண்ணாடியின் அடி வழுக்காமல் ரப்பர் வையுங்கள். டிரெஸ்ஸிங் டேபிள் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.