மார்க் கேட்ஸ்பியின் பறவைப் படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: வட அமெரிக்கப் பறவைகளை வரைந்த இந்த இங்கிலாந்துக்காரர் ஓவியம் படித்தவர் இல்லையாமே? செப்புத் தகட்டு வேலை எப்படி வந்தது?

பதில்: படித்தவர் இல்லைதான். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று, இந்தப் படங்கள் வந்த தன் புத்தகத்தின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். 1726இல் கரோலினா, பஹாமா பயணம் முடித்து லண்டன் திரும்பியபோது, பாரிஸிலோ ஆம்ஸ்டர்டாமிலோ ஆள் வைத்துத் தகடு செய்யக் கையில் காசில்லை. ஜோசப் கூப்பி என்ற ஓவியரிடம் எட்சிங் கற்றுக்கொண்டு தானே உட்கார்ந்துவிட்டார். தகட்டில் மெழுகு பூசி ஊசியால் கீறி அமிலத்தில் இட்டால், கீறிய இடம் மட்டும் அரித்துப் பள்ளமாகும். அதில்தான் மை நிற்கும். தொழில்காரர்கள் நிழலுக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுவார்கள். இவர் அதை விட்டுவிட்டு, இறகு படிந்திருக்கும் வாக்கிலேயே ஊசியை ஓட்டினார். நீலக் குருவியின் முதுகை லென்ஸ் வைத்துப் பாருங்கள், தெரியும். முறையாகப் படிக்காததும் நல்லதுக்குத்தான் என்பேன்.

கேள்வி: ஒரே படம், இரண்டு நூலகப் பிரதிகளில் நிறம் வேறு வேறாக இருக்கிறதே?

பதில்: அச்சில் வருவது கோடு மட்டும்தான். நிறம் ஒவ்வொரு தாளிலும் தூரிகையால் பூசியது, படங்களோ 220. 1729இல் தொடங்கிய முதல் பதிப்பு 1747இல்தான் முடிந்தது. அவர் இறந்தது 1749இல். அப்புறம் வந்த 1754, 1771 பதிப்புகளுக்கு வேறு கைகள் நிறம் தீட்டின.

கேள்வி: பூநாரைக்குப் பின்னால் இலையே இல்லாத மரம். பட்ட மரமா?

பதில்: மரமே இல்லை, கடலுக்கடியில் வளரும் பவளப் புதர்! ஒரே தாளில் இரண்டு உயிரினங்களைக் காட்டுவது அவர் வழக்கம். அளவுப் பொருத்தமெல்லாம் பார்க்கமாட்டார்.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் ஒரு கிளிப் படம் வாங்கினேன். அசலா?

பதில்: லென்ஸில் பாருங்கள். நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் நவீன அச்சு, ஆசையை விட்டுவிடலாம். அசலில் மைக்கோடு விரலுக்கு லேசாகத் தட்டுப்படும், நிறம் சில இடங்களில் கோட்டைத் தாண்டியிருக்கும். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் இருப்பது நல்ல அறிகுறி. ஆனால் அதைப் போலியாகவும் அழுத்துகிறார்கள். அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அந்தக் கிளி இன்னும் இருக்கிறதா?

பதில்: மஞ்சள் தலையும் பச்சை உடலும் என்றால் கரோலினா கிளி. கூண்டிலிருந்த கடைசிப் பறவை 1918இல் சின்சினாட்டி விலங்குக்காட்சிசாலையில் செத்தது. அவர் வரைந்த பயணிப் புறாவின் கடைசிப் பறவையும் அதே இடத்தில், 1914இல்.

கேள்வி: அச்சுக்கு முன் வரைந்த மூல ஓவியங்கள்?

பதில்: 1768இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வாங்கினார். இப்போதும் வின்ட்சர் கோட்டை அரச நூலகத்தில் இருக்கின்றன.