பழைய வீடு வாங்கிப் புதுப்பித்து விற்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு விற்பதே இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் தொழில். இதில் இறங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியவை.

மடிப்பாக்கத்தில் ஒரு தனி வீடு 60 லட்சத்துக்கு வருகிறது. 10 லட்சம் செலவழித்தால் 85 லட்சத்துக்குப் போகும் என்கிறார் தரகர். 15 லட்சம் லாபம் வருமா?

வராது. உங்கள் கணக்கில் பாதிச் செலவு விட்டுப்போயிருக்கிறது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு இதுவே 5.40 லட்சம். தரகு ஒரு சதவீதம் என்றால் 60 ஆயிரம். பழைய வீட்டில் சுவரை உடைத்த பிறகுதான் தெரியவரும் வேலைகள் உண்டு. அதற்கு ஒரு லட்சமாவது ஒதுக்குங்கள். 40 லட்சம் கடன் வாங்கி, 12 சதவீத வட்டியில், வீடு விற்கப் பத்து மாதம் ஆனால் வட்டி மட்டும் 4 லட்சம். விற்கும்போது இன்னொரு தரகு 85 ஆயிரம். எல்லாம் சேர்த்து அடக்கம் 81.85 லட்சம். மிச்சம் 3.15 லட்சம்தான், அதிலும் வரி போகும்.

நான் வீடு பார்க்கப் போகும்போதே, கடைசியில் என்ன விலைக்குப் போகும் என்று அதே தெருவில் நடந்த விற்பனைகளை விசாரித்துவிடுவேன். அதிலிருந்து எல்லாச் செலவையும் கழித்து, என் கூலியையும் கழித்த பிறகு நிற்கும் தொகைதான் நான் கொடுக்கக்கூடிய விலை. உரிமையாளர் அதற்கு இறங்கி வரவில்லையென்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன். உங்கள் கணக்குப்படி இந்த வீட்டை 52, 53 லட்சத்துக்கு முடித்தால்தான் உழைப்புக்குக் கூலி கிடைக்கும்.

1980களில் கட்டிய வீடு. மேல் கூரையில் அங்கங்கே காரை உதிர்ந்து கம்பி தெரிகிறது. பூசி மறைத்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். சென்னையில் கடலோரப் பகுதிகளில் அந்தக் காலத்தில் உப்புத் தண்ணீரிலேயே கான்கிரீட் போட்ட வீடுகள் உண்டு. உப்பு கம்பியை அரிக்கும். துரு ஏற ஏறக் கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். மேலே புதுப் பூச்சு பூசினாலும் உள்ளே துரு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால், நீங்கள் விற்ற வீட்டில் குடியிருக்கும் குழந்தையின் தலையில் காரை விழும்.

முதலில் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். 'டொப்' என்று வெற்றொலி வந்தால் அங்கே கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்திருக்கிறது. கைப்பிடி அளவில் இரண்டொரு இடம்தான் என்றால், தளர்ந்ததை முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலந்த கலவையால் நிரப்பலாம். கம்பியே மெலிந்து போயிருந்தாலோ, பாதித் தளம் வெற்றொலி தந்தாலோ, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துச் சோதித்துவிட்டே விலை பேசுங்கள். தளத்தை இடித்துப் போட வேண்டிய வீட்டுக்கு மனை விலைக்கு மேல் தர வேண்டியதில்லை.

அப்பா பெயரில் இருக்கும் வீட்டை இரண்டு மகன்கள் விற்கிறார்கள். அக்கா வெளிநாட்டில் இருக்கிறார், 'அவர் ஒன்றும் கேட்க மாட்டார்' என்கிறார்கள். விலை மிகக் குறைவு.

விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே அந்த அக்காவாக இருக்கலாம். என் ஆரம்ப காலத்தில் இதே வார்த்தையை நம்பி ஒரு வீடு வாங்கினேன். சமையலறை, குளியலறை எல்லாம் இழைத்து இழைத்துச் செய்து முடித்து, விளம்பரம் கொடுத்த வாரத்தில் சகோதரியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. அவருக்குச் சேர வேண்டியதை என் பணத்தில் கொடுத்துத்தான் வெளியே வந்தேன்.

உயில் எழுதாமல் தந்தை இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமை வந்தது தமிழ்நாட்டில் 1989இல். நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. எனவே வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயரோ அத்தனை கையெழுத்தும் வேண்டும். பலரும் தவறவிடும் ஒருவர் உண்டு: இறந்தவரின் தாய். மகன் இறந்த நாளில் அந்தப் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பாட்டி பின்னால் காலமாகியிருந்தால் அந்தப் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். வாரிசுகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படும்.

அக்கா நேரில் வர முடியாதென்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அவருடைய பங்குத் தொகைக்கு நீங்கள் பிடிக்க வேண்டிய வரி, வெளிநாட்டில் வசிப்பவருக்கான கூடுதல் விகிதத்தில் இருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த அக்காவிடம் நீங்களே போனில் பேசிவிடுங்கள். 'ஒன்றும் கேட்க மாட்டார்' என்பது அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

அக்ரிமென்ட் மட்டும் போட்டு, மூன்று மாதத்துக்குள் வேறு ஆளைப் பிடித்து அவர் பெயருக்கே நேரடியாகக் கிரயம் செய்து கொடுத்தால் பத்திரச் செலவு மிச்சம்தானே?

இப்படிச் செய்பவர்கள் நிறையப் பேர். சந்தை சூடாக இருக்கும்போது நடக்கும், மந்தமானால் முன்பணம் மூழ்கும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதிவுசெய்தாக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனால் கையில் பலம் இருக்காது. மூன்றாமவரை அழைத்து வருவேன் என்பதை உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லி, ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். வயதானவரிடம் மறைத்து வாங்கி, மூன்று மாதத்தில் பத்து லட்சம் கூட்டி விற்று, பதிவு அலுவலகத்தில் அவர் முகத்தைப் பார்க்க நேர்வது எனக்குச் சம்மதமில்லை. பவர் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அதையே உரிமை என்று நினைக்கவும் வேண்டாம். அது சொத்துரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

கும்பகோணத்தில் தாத்தா காலத்து ஓட்டு வீடு. சுவர் முழுக்க ஓதம். சிமென்ட் பூசினால் நிற்குமா?

நிற்காது, அதிகமாகும். அந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அவை காற்றில் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு பாளம் பாளமாக உரியும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் தஞ்சை, காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கூலி அதிகம், நாளும் அதிகம் பிடிக்கும். ஆனால் வேலை நிற்கும்.

பூசுவதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகியிருக்கும், அல்லது முற்றத்துச் சாக்கடை அடைத்திருக்கும். உத்தரத்தையும் தேக்குக் கட்டைகளையும், சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில் ஆணியால் குத்திப் பாருங்கள். கரையான் அங்கேதான் தொடங்கும். தூணையும் கதவையும் தயவுசெய்து கழற்றி விற்றுவிடாதீர்கள். அந்த வீட்டைத் தேடி வருபவர் அவற்றுக்காகத்தான் வருகிறார்.

வாங்கி ஒரு வருடத்தில் விற்றால் வரி எவ்வளவு?

24 மாதத்துக்குள் விற்றால் குறுகிய கால ஆதாயம், உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து அந்தந்த அடுக்குக்கு ஏற்ப வரி. அதைத் தாண்டினால், 2024 ஜூலை 23க்குப் பிறகு வாங்கிய சொத்துக்கு 12.5 சதவீதம், பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையைக் கூட்டிக் கணக்கிடும் சலுகை கிடையாது. அடுத்தடுத்து வாங்கி விற்றால் அது தொழில் வருமானமாகவே பார்க்கப்படலாம். அப்போது வட்டியும் பழுதுபார்ப்புச் செலவும் கணக்கில் கழியும். முதல் வீட்டிலேயே ஆடிட்டரிடம் போய்விடுங்கள். சிமென்ட் கடை பில் முதல் பிளம்பர் ரசீது வரை ஒரு கோப்பில் வையுங்கள்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டச் சொல்வார்கள். ஒத்துக்கொண்டால், நாளை விற்கும்போது உங்கள் அடக்கவிலையும் குறைவாகவே நிற்கும், மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக வரி கட்டுவீர்கள். வீடு, மனை பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு, வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் உண்டு.

முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறது. போதாதா?

பதிவான ஆவணங்கள் மட்டும்தான் அதில் வரும். பதிவுசெய்யாத உயிலோ, நடந்துகொண்டிருக்கும் வழக்கோ அதில் இல்லாமல் போகலாம். ஸ்ரீரங்கம் போன்ற கோயில் நகரங்களில் கட்டடம் ஒருவருக்கும் அடிமனை கோயிலுக்கும் சொந்தம் என்ற சிக்கல் உண்டு. மூலப்பத்திரம், பட்டா, நகர நில அளவைப் பதிவேடு மூன்றிலும் பெயரும் அளவும் ஒத்துப்போகிறதா என்று வக்கீல் பார்த்துச் சொல்லட்டும். சொத்துவரி, குடிநீர் வரி பாக்கியையும் கேளுங்கள்.

வேளச்சேரி பக்கம் வீடு பார்க்கிறேன். வெள்ளம் வந்ததா என்று கேட்டால் உரிமையாளர் இல்லை என்கிறார்.

எதிர்வீட்டு அம்மாவிடமும் தெருமுனை மளிகைக் கடைக்காரரிடமும் கேளுங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தண்ணீர் எந்தப் படி வரை நின்றது என்று அவர்கள் கையைக் காட்டியே சொல்வார்கள். மின்சார மீட்டர் தரையிலிருந்து வழக்கத்தைவிட உயரத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். தண்ணீர் நின்ற வீடாக இருந்தாலும் வாங்கலாம், விலை அதற்கேற்ப இருந்தால். விற்கும்போது அந்த உயரத்தை நீங்களே வாங்குபவரிடம் காட்டிவிடுங்கள். தரைத்தளத்து ஸ்விட்சுகளை அந்த அளவுக்கு மேலே ஏற்றி, மோட்டாரை மேடை கட்டி வைத்து, கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் எதிர்த்து வராமல் தடுக்கும் வால்வு போட்டதையும் சேர்த்துக் காட்டுங்கள்.