மக்காச்சோளக் காட்டுக்குள் புதிர்ப்பாதை

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் பேரன், ஆளுயர மக்காச்சோளத்துக்குள் வழி தேடிச் சுற்றிய படங்களை அனுப்பினான். வளர்ந்த பயிரை வெட்டியா அந்தப் பாதைகளை எடுக்கிறார்கள்? எங்கள் ஒரு ஏக்கரில் செய்ய இயலுமா?
– வாசகர், ஆத்தூர், சேலம் மாவட்டம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால், பயிர் முழங்கால் உயரம் வருவதற்குள் பாதை எடுத்துவிட வேண்டும். வளர்ந்த பிறகு காட்டுக்குள் இறங்கினால் கொத்துகிறவருக்கே திசை தெரியாது. 1993-இல் பென்சில்வேனியாவின் ஆன்வில் என்ற ஊரில் டைனோசர் வடிவில் அமைத்ததிலிருந்துதான் இந்தப் பழக்கம் அங்கே பரவியது.

விதைப்பிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. நாம் வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. விட்டு ஊன்றுகிறோம், அந்த இடைவெளியில் குனிந்து பார்த்தால் மறுகோடி வரப்பு வரை தெரியும். அதைத் தடுக்கவே தெற்கு வடக்காக ஒருமுறையும் கிழக்கு மேற்காக ஒருமுறையும் விதைக்கிறார்கள். அப்போது காடே புள்ளி வைத்த கோலம் போலாகிவிடுவதால், கட்டம் போட்ட தாளில் வரைந்த படத்தை, ஒரு கட்டத்துக்கு இத்தனை செடி என்று எண்ணி, குச்சி நட்டுக் கயிறு பிடித்து நிலத்தில் இறக்கிவிடலாம். பெரிய பண்ணைகளில் இதற்கு ஜி.பி.எஸ். கருவி உண்டு.

படம் வரைவதில்தான் உண்மையான திறமை இருக்கிறது. தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூரில் கற்களால் அமைந்த ‘ஏழு சுற்றுக் கோட்டை’ என்னும் புதிர்ப்பாதையில் வழி ஒன்றே ஒன்றுதான். எத்தனை முறை வளைந்தாலும் நடுவில் கொண்டு சேர்த்துவிடும். சோளப் புதிரிலோ பாதைகள் கிளை பிரியும், சில முட்டுச்சந்தாக முடியும். வலது கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் நடப்பவர், சுவர்களெல்லாம் வெளிச்சுவரோடு சேர்ந்திருந்தால் எளிதாக வெளியேறிவிடுவார். ஆகவே, சேர வேண்டிய இடத்தைச் சுற்றி வெளிச்சுவரோடு ஒட்டாத தனித் திட்டாகப் பயிரை விடுவார்கள். அப்படி நடப்பவர் அந்த இடத்தைத் தொடாமலே நுழைவாயிலுக்குத் திரும்பிவிடுவார்.

பாதையில் உள்ள செடிகளை அரிவாளால் அறுக்காதீர்கள். ஏறக்குறைய ஆறு இலை விரியும்வரை மக்காச்சோளத்தின் வளர்நுனி மண்ணுக்குள்ளேயே இருக்கும். மேலே அறுத்தால் குருத்து மீண்டும் வந்துவிடும். களைக்கொத்தால் வேரோடு எடுப்பதே நல்லது. சோளத்தோகை முழங்கையைக் கீறும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எனவே பாதை ஐந்தடிக்குக் குறையக் கூடாது. படைப்புழுவுக்கு மருந்து தெளித்தால், மருந்துப் புட்டியில் காத்திருக்கச் சொல்லியுள்ள நாள்கள் கடக்கும்வரை யாரையும், குறிப்பாகக் குழந்தைகளை, உள்ளே விடவே கூடாது.

புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் பொங்கல் விடுமுறையில் ஏறக்குறைய 90 நாள் பயிராக நிற்கும். அதன்பின் சுவராக நின்ற செடிகளில் வழக்கம்போல் கதிர் ஒடித்து, தட்டை மாட்டுக்குப் போடலாம்.