மலையில் பூ விதைக்க மழையை எதிர்பார்க்க வேண்டாம்

கேள்வி: ஊட்டியில் வசிக்கிறேன். போன ஜூனில் மழை பிடித்ததும் ஜினியா, காஸ்மோஸ், பாப்பி, லார்க்ஸ்பர், பெட்டூனியா எல்லாவற்றையும் வீட்டு முன்னால் நேரே மண்ணில் தூவினேன். பாக்கெட்டில் ‘ஜூன்–ஜூலை’ என்றுதான் போட்டிருந்தது. பாதிகூட முளைக்கவில்லை, முளைத்ததும் தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டது. விதை மட்டமா, விதைத்த நேரம் தவறா?

பதில்: நேரம்தான் பொருந்தவில்லை. பாக்கெட்டில் அச்சாகும் மாதம் பெரும்பாலும் சமவெளிக்கானது. கோடையில் காய்ந்து கிடக்கும் நிலத்தில் மழை விழும்போது அங்கே சூடும் ஈரமும் ஒன்றாகக் கிடைக்கும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதும் அந்த நிலத்துக்குச் சொன்னதே. ஊட்டி இருப்பது சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இங்கே நாள்கணக்கில் வெயில் தலைகாட்டாது. மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்கும். முளைவிடும் விதைக்கு ஆக்சிஜன் வேண்டும். அது கிடைக்காமல், குளிரால் முளைப்பும் தாமதமாகும்போது, பித்தியம் போன்ற கிருமிகள் முந்திக்கொள்கின்றன. உங்கள் நாற்றுகள் சாய்ந்தது அதனால்தான். நாற்றழுகல் நோய் என்பது இதுவே.

ஆகவே மாதத்தைவிட மண்ணைப் பாருங்கள். மண்ணில் செருகும் வெப்பமானி ஒன்று வாங்கி, காலையில் 5 செ.மீ. ஆழத்தில் அளந்து பழகுங்கள். பூ விதைகளில் இரண்டு குணம் உண்டு. பாப்பி, லார்க்ஸ்பர், ஸ்வீட் பீ, காலெண்டுலா, கார்ன்ஃபிளவர் எல்லாம் குளிர்ச்சியை விரும்புபவை. மண் 10 முதல் 15 டிகிரி இருந்தாலே முளைக்கும். ஜினியா, காஸ்மோஸ், செண்டுமல்லி, சூரியகாந்திக்கு 18 டிகிரிக்குக் குறையக் கூடாது. ஜினியாவுக்கு 20-க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே நாளில் விதைத்தால் ஏதோ ஒன்று கெடும்.

ஊட்டிக்கு நான் சொல்லும் முதல் பருவம் பிப்ரவரி. உறைபனி விலகத் தொடங்கியதும் முதல் கூட்டத்தை நேரே பாத்தியில் விதையுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, தாழ்வான இடத்தில் போய்த் தங்கும். தலைக்குந்தா போன்ற பள்ளத்தாக்குகளில் உறைபனி அதிகம் கொட்டுவது அதனால்தான். உங்கள் வீடு பள்ளத்தில் இருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள். இரவில் வைக்கோலோ பழைய சாக்கோ போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள். மார்ச் கடைசியில் மண் சூடேறியதும் இரண்டாவது கூட்டம். கோடை மழை அவ்வப்போது பெய்யும், நடுவே வெயிலும் அடிக்கும். விதைக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. ஜினியா பூக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், தள்ளிப்போட்டால் பூ மழையில் மாட்டிக்கொள்ளும். விடாத மழையில் ஜினியா இலைப்புள்ளி நோயில் வாடிப்போகும். ஊட்டி மழைக்காலத்துக்கு அது ஏற்ற பூ அல்ல என்பதே என் கருத்து. அதற்குப் பதில் பேன்சி வையுங்கள்.

ஆகஸ்ட் பிற்பாதியிலும் செப்டம்பரிலும் மழை இடைவெளி விடும்போது இன்னொரு வாய்ப்பு வரும். ஆனால் அக்டோபரில் வடகிழக்கு மழை தொடங்கிவிடும். அதனால் அப்போது நேரே தூவாமல் குழித்தட்டில் நாற்று விட்டு நடுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்கு மழைதான் பலமாகப் பெய்யும். அங்குள்ளவர்கள் இந்தப் பருவத்தை நம்பாமல், அந்த மழை ஓய்ந்தபின் ஜனவரியில் குளிர் விரும்பும் விதைகளைத் தொடங்குவது மேல்.

பெட்டூனியாவை எந்த மாதத்திலும் வெளியே தூவ வேண்டாம். அதன் விதை தூசு போன்றது. ஒரு தூறலே அடித்துக்கொண்டு போய்விடும். மூடிய இடத்தில், தட்டில், மண் போட்டு மூடாமல் மேலாக விதைக்க வேண்டும். முளைக்க அதற்கு வெளிச்சம் தேவை. பாப்பிக்கும் மேல் மண் வேண்டாம், கையால் அழுத்திவிட்டால் போதும். லார்க்ஸ்பருக்கு நேர் எதிர்: இருட்டு வேண்டும், அரை சென்டிமீட்டராவது மண் மூட வேண்டும்.

பாத்தியைத் தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். மட்கிய இலையும் பெருமணலும் கலந்தால் தண்ணீர் நிற்காது. விதைக்கும் நாளில் ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பாருங்கள். விரலால் தட்டியதும் உதிர்ந்தால் விதைக்கலாம், களியாக ஒட்டினால் அன்று வேண்டாம். நாற்றழுகலைத் தடுக்க, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளை விதையில் கலக்கலாம். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது வழக்கமான அளவு. உங்கள் சிறு பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகையில் புரட்டினாலே போதும். முளைத்த பிறகு நத்தைத் தொல்லை வரும். நனைத்த சாக்கைப் பாத்தி ஓரத்தில் இரவில் போட்டுவைத்தால் அதனடியில் வந்து சேரும், விடிந்ததும் பொறுக்கிவிடலாம்.

மிச்சமிருக்கும் விதையை எறிந்துவிடாதீர்கள். ஈரத்துணியில் பத்து விதையை மடித்து வைத்து எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். ஆறு, ஏழு வந்தால் பயன்படுத்தலாம். லார்க்ஸ்பர் மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது, அதைப் புதிதாக வாங்குங்கள். மலைக் காற்றின் ஈரம் பிரித்த பாக்கெட்டுக்குள் எளிதில் ஏறிவிடும். வாங்கியதைக் காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு இறுக மூடி வையுங்கள்.