அம்மாவின் கையை மடியில் முடக்காதீர்கள்

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. புற்றுநோய்க்காக இடது மார்பகத்தையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்து ஆறு வாரம் ஆகிறது. கீமோ நடக்கிறது, அடுத்து ரேடியேஷன். ‘கையைத் தூக்கினால் நீர் கோத்துக்கொள்ளும்’ என்று சொந்தக்காரர்கள் சொல்ல, கையை அசைப்பதே இல்லை. கையில் உறைபோல் மாட்டி, காற்றால் அழுத்தி வீக்கத்தைக் குறைக்கும் காற்றழுத்த மிஷின் ஒன்றை 40,000 ரூபாய்க்கு வாங்கச் சொல்லி ஒருவர் தினமும் போன் செய்கிறார். என்ன செய்வது?

பதில்: மிஷின் வேண்டாம். ஆபரேஷன் இடத்தில் சேரும் நீரை வெளியேற்ற வைத்த டிரெயின் குழாயை எடுத்து, தையலும் ஆறியிருந்தால் கைப்பயிற்சியை இன்றே தொடங்குங்கள். ரேடியேஷன் மேஜையில் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தபடி அசையாமல் படுக்க வேண்டும். தோள் இறுகியிருந்தால் அங்கேதான் சிகிச்சை தள்ளிப்போகும்.

சுவரைப் பார்த்து ஓரடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். விரல்கள் எறும்பு ஊர்வதுபோல் மேலே ஏறட்டும். அக்குளில் இழுக்கும் இடத்தில் ஐந்து விநாடி நின்று, மூச்சு விட்டு, மெதுவாக இறங்க வேண்டும். பத்து முறை, தினமும் மூன்று வேளை. எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பலர் தோளைக் காதுவரை தூக்கி, இடுப்பை வளைத்துக் கோட்டைத் தொட்டுவிடுவார்கள். அது கணக்கில் சேராது. அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு போல ஒன்று இழுத்தால் நரம்பு அறுந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பயிற்சியிலேயே மெல்ல இளகும்.

நடை பத்து நிமிடத்தில் தொடங்கி முப்பது வரை போகட்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். தோள் நன்றாக மேலே போன பிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கலாம். ஏற்கெனவே கை வீங்கிய பெண்களையே வாரம் இருமுறை எடை தூக்க வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2009-இல் வெளியானது. சிறிய எடையில் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள், கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையும் அணிவித்தார்கள். வீக்கம் கூடவில்லை.

வீக்கத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். மணிக்கட்டிலிருந்து பத்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, இரண்டு கையையும் தையல் டேப்பால் வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். ஒரே புள்ளியில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கை சிவந்து, தொட்டால் சூடாக, வலியோடு வீங்கினால் பயிற்சி, மசாஜ், மிஷின் எதுவும் கூடாது. கிருமித்தொற்றாகவோ ரத்தக்கட்டியாகவோ இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கீமோ சமயத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலும் அப்படித்தான்: ஒரு மாத்திரை போட்டுக் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். மிஷின் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். கையை அளக்காமலே, சிவந்த கையிலும் மாட்டிவிட்டுப் போவார். அந்த மிஷினுக்கும் இடம் உண்டு, ஆனால் பயிற்சி பெற்றவர் பரிசோதித்து எழுதித் தந்த பிறகுதான். ‘நிணநீரை (கையில் தேங்கும் நீரை) இறக்கித் தருகிறேன்’ என்று எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிசைபவர்களையும் வாசலோடு அனுப்புங்கள்.

ஆபரேஷனை அவ்வளவு நேர்த்தியாகச் செய்துவிட்டு, டிஸ்சார்ஜ் தாளில் ‘கைக்குப் பயிற்சி செய்யவும்’ என்று ஒரே வரி எழுதி அனுப்புகிறார்கள். எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்று யாரும் சொல்வதில்லை. அதே கட்டடத்தில் பிசியோதெரபி பிரிவு இருக்கும், வழிகாட்ட ஆள் இருக்காது. வீட்டில் மிஷின்காரர் நுழைவது இந்த ஓட்டை வழியாகத்தான். அடுத்த கீமோவுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் தாளையும் நீங்கள் எழுதிய அளவுகளையும் எடுத்துக்கொண்டு, ‘ரேடியேஷனுக்கு முன் தோள் தயாராக வேண்டும், பிசியோவுக்கு எழுதிக் கொடுங்கள்’ என்று நேராகக் கேளுங்கள்.