கேவியட் போட்டால் வீடு தப்புமா?

கேள்வி: எங்கள் அப்பா சுய சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. உயில் எழுதாமல் 2021-இல் இறந்துவிட்டார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அண்ணன், நான், தங்கை மூவர்தான் வாரிசு. அண்ணன் வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டதாகக் கேள்வி. எங்கள் ஊர்ப் பத்திர எழுத்தர் ஒருவர், "கேவியட் போட்டால் வீட்டை யாரும் தொட முடியாது" என்று 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சீல் வைத்த காகிதம் ஒன்றைத் தந்தார். இப்போது ஸ்டேயும் வாங்க வேண்டும் என்கிறார். உறுத்துக்கட்டளை என்றும் ஏதோ சொல்கிறார்கள். இதில் எது என் பங்கைக் காப்பாற்றும்?
– வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: முதலில் அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் மேலே கேவியட் எண், கீழே கோர்ட் சீல், சீலுக்குள் மார்ச் 4 என்று தேதி. இன்று ஜூலை. கேவியட்டுக்கு ஆயுள் 90 நாள். ஆக, அது செத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. உயிரோடு இருந்தபோதும் அது உங்கள் வீட்டைக் காக்கவில்லை.

கேவியட் என்பது வீட்டுக்குப் போடும் பூட்டு இல்லை. "இன்னார் எனக்கு எதிராக அவசர உத்தரவு கேட்டு வரலாம், வந்தால் என்னையும் கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று நீதிமன்றத்திடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது, அவ்வளவுதான். உங்கள் அண்ணன் வீட்டை விற்க எதற்கு நீதிமன்றம் போகிறார்? நேராகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் போவார். அங்கே உங்கள் கேவியட்டை யாரும் தேடப்போவதில்லை. இன்னொரு கொடுமையும் உண்டு. கேவியட் போடுபவர் எதிராளிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதாவது காசைக் கொடுத்து அண்ணனை உஷார்ப்படுத்தியிருக்கிறீர்கள்.

அப்படியென்றால் கேவியட்டே வீணா என்றால், இல்லை. ஒரு இடத்தில் அது கட்டாயம் வேண்டும். நாளை நீங்கள் வழக்குப் போட்டு அண்ணனுக்கு எதிராகத் தடை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அவர் சும்மா இருக்கமாட்டார், மேல்முறையீட்டுக்குப் போவார். அங்கே உங்களுக்குத் தெரியாமலே உங்கள் தடையை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்பார். அந்த மேல் நீதிமன்றத்தில்தான் கேவியட் போட வேண்டும், அதுவும் தடை கிடைத்த மறுநாளே. போட்டிருந்தால் உங்களுக்குத் தகவல் சொல்லாமல் உத்தரவு போடமாட்டார்கள். ஊரில் இருக்கும் கோர்ட்டில் போட்டு வைத்த கேவியட் மேல் கோர்ட்டில் செல்லாது. இதைத் தெரியாமல் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, ஸ்டே. நம் ஊரில் எதைத் தடுத்தாலும் ஸ்டேதான். உண்மையில் ஏற்கெனவே பிறந்த ஓர் உத்தரவையோ நடந்துகொண்டிருக்கும் வழக்கையோ நிறுத்தி வைப்பதுதான் அது. உங்கள் விஷயத்தில் நிறுத்தி வைக்க எந்த உத்தரவும் இல்லை. இல்லாத ஒன்றுக்கு ஸ்டே வாங்கித் தருகிறேன் என்பவரிடம் மேலும் பணம் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது உறுத்துக்கட்டளை, அதாவது தடை உத்தரவு. "வீட்டை விற்கவோ, அடமானம் வைக்கவோ, வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கவோ கூடாது" என்று ஆளைக் கட்டுப்படுத்தும் உத்தரவு. இது தனியாக வராது. நீங்களும் தங்கையும் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, அதோடு இடைக்காலத் தடைக்கு மனுப் போட வேண்டும். அவசரம் என்று காட்டினால் அண்ணனைக் கேட்காமலே நீதிபதி தடை கொடுக்கலாம். அட்வான்ஸ் வாங்கியதற்குச் சாட்சியோ ஒப்பந்த நகலோ இருந்தால் அது பேசும். அப்படிக் கிடைத்துவிட்டால் அன்றோ மறுநாளோ மனுவின் நகலை அண்ணனுக்கு அனுப்பிவிட வேண்டும். இதை வக்கீல் குமாஸ்தா மறந்து கெட்டுப்போன வழக்குகள் உண்டு. பக்கத்தில் நின்று ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனைக் கேட்காமல் தடை கொடுத்தால் மனுவை 30 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் நோட்டீஸ் "ஆள் இல்லை" என்று திரும்பும், எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும், நீதிபதி மாற்றலாகிப் போவார், கோடை விடுமுறை வரும். முப்பது நாளுக்கு ஒரு விதியை எழுதிவிட்டு, முப்பது வாய்தாவுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். என்ன செய்ய!

அந்த இடைவெளியில் அவர் விற்றுவிட்டால்? வழக்கு நிலுவையில் இருக்கும்போது நடந்த விற்பனை தானாக ரத்தாகாது. ஆனால் வாங்கியவர் உங்கள் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர், உங்கள் பங்கு அவருக்குப் போகாது. ஆகவே தடை தாமதமானாலும் வழக்கைத் தாக்கல் செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். "ஸ்டேட்டஸ் கோ" என்று உத்தரவு வந்தால், இருக்கும் நிலை தொடரட்டும் என்று பொருள். எந்த நிலை, குடியிருப்பா, உரிமையா என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் "குடியிருப்பு மாறவில்லையே" என்று பத்திரத்தை மாற்றிவிடுவார்கள்.

சார்பதிவாளரிடம் ஆட்சேப மனு கொடுத்தால் போதும் என்பது இன்னொரு கதை. சொத்து யாருடையது என்று விசாரித்துச் சொல்லும் வேலை அவருடையது இல்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. நீதிமன்றத் தடை நகலோடு கொடுங்கள், அப்போது அதற்கு மரியாதை உண்டு.

எனக்குப் பெரிய பயம் வேறு. சகோதரிகள் கையெழுத்து இல்லாமல் விவரம் தெரிந்த எவரும் முழு வீட்டையும் வாங்கமாட்டார். அதனால் "பட்டா மாற்ற ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று வருவார்கள். பட்டாவுக்கு மனு இ-சேவை வழியாகவோ தாலுகா அலுவலகத்துக்கோ போகும். உங்களைச் சார்பதிவாளர் முன் உட்காரவைத்து விரல் ரேகை எடுத்தால் அது பட்டா இல்லை, அநேகமாக விடுதலைப் பத்திரம். அதில் "எனக்குரிய பாகத்தை மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்தேன்" என்று இரண்டாம் பக்க நடுவில் எழுதியிருக்கும். கூடவே "1989-க்கு முன் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு இல்லை" என்று புரோக்கர் அளப்பார். அது பூர்வீகச் சொத்துக்கு ஒரு காலத்தில் இருந்த விதி. அப்பாவின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்கு மகனோடு சமபங்கு 1956 முதல் உண்டு. உங்களுக்கு மூன்றில் ஒன்று, தங்கைக்கு மூன்றில் ஒன்று. நீங்கள் இந்து என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

வழக்குச் செலவுக்குக் கலங்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று போர்டு இருக்கும். அப்பாவின் பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்த வில்லங்க விவரம் இவற்றோடு இந்த வாரமே தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பத்திர எழுத்தர் "கேவியட்டைப் புதுப்பிக்க 5,000" என்று நிச்சயம் கேட்பார். கேவியட்டில் புதுப்பித்தல் என்று ஒன்று கிடையாது, திரும்பப் புதிதாகத்தான் போட வேண்டும். போடாதீர்கள்.